பழைய பந்தயக் காரும் வெள்ளிக்கிழமைக் கூட்டமும்: செய்யக் கூடாத சில காரியங்கள்

பென்சில்வேனியாவில் ஏப்ரல் பிறந்துவிட்டால் வெள்ளி, சனி இரவுகளை மண் டிராக்குகளுக்கு என்று எழுதி வைத்துவிடுவார்கள். அங்குள்ள வில்லியம்ஸ் குரோ டிராக்கில் 1939 முதல் பந்தயம் நடக்கிறது. அரை மைல் சுற்று, களிமண் தரை. தலைக்கு மேல் பெரிய இறக்கை வைத்த இன்றைய ஸ்பிரின்ட் கார்களைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. இது போன்ற ஊர் டிராக்குகளில் வருடத்தில் சில இரவுகள் எங்களைப் போன்றவர்களுக்கும் இடம் கொடுப்பார்கள். 1940, 50களின் மிட்ஜெட் என்னும் குட்டிப் பந்தயக் கார்களையும் ஸ்பிரின்ட் கார்களையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் நுழைவாயில் பக்கம் நிறுத்தி வைப்போம். வருகிறவர்களிடம் பேசுவோம். இடைவேளையில் நாலைந்து சுற்று மெதுவாக ஓட்டிக் காட்டுவோம்.

ஒவ்வொரு சீசனிலும் இந்த வட்டத்துக்குள் இரண்டு மூன்று புதுமுகங்கள் வருகிறார்கள். தாத்தாவின் காரேஜில் கிடந்தது என்பார் ஒருவர், ஏலத்தில் எடுத்தேன் என்பார் இன்னொருவர். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் எங்கள் குழுவின் பழைய ஆட்கள் என்றைக்கோ செய்து முடித்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். டயரில் காற்று, டிரெய்லரில் கட்டு, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் காரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

கயிறு கட்டி ஒதுக்குவது

காரைச் சுற்றிக் கயிறு கட்டி, "தொடாதே" என்று பலகை வைத்துவிட்டு, உரிமையாளர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். இதைப் பார்க்க மியூசியத்துக்கே போகலாமே. யார்க் ஸ்பிரிங்ஸில் ஈஸ்டர்ன் மியூசியம் ஆஃப் மோட்டார் ரேசிங் இருக்கிறது, நன்றாகவே வைத்திருக்கிறார்கள். டிராக்குக்கு வருகிறவர் காரின் பக்கத்தில் வர ஆசைப்படுகிறார். சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த பழைய சென்னைக்காரர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். யார் ஜெயித்தார் என்பது அவருக்கு மறந்திருக்கலாம். எவ்வளவு கிட்டே நின்று பார்த்தார் என்பது மறந்திருக்காது.

குழந்தைகளைச் சீட்டில் உட்கார வையுங்கள். அதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். பக்கவாட்டில் நீளும் எக்ஸாஸ்ட் குழாய் ஆறியிருக்க வேண்டும். ஓடி முடித்து அரை மணி ஆனாலும் அது சுடும், முழங்கை படுகிற உயரத்தில்தான் இருக்கும். இக்னிஷன் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். மூன்றாவது, நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். கயிறு இல்லாமல் காரைத் தனியே விட்டுவிட்டு ஹாட் டாக் வாங்கப் போவது கயிறு கட்டுவதைவிட மோசம்.

பலகையில் கதை விடுவது

மிட்ஜெட் கார் என்பது சின்ன உருவம், திறந்த சக்கரம், ஒரே சீட். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்கா முழுக்க இதன் மீது ஒரு பைத்தியமே பிடித்திருந்தது. கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் கர்டிஸ் நூற்றுக்கணக்கில் செய்து விற்றார். முழுக் காராகவும் கொடுத்தார், பாகங்களாகவும் கொடுத்தார். வாங்கியவர்கள் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, வெட்டி ஒட்டினார்கள், இன்ஜினை மாற்றினார்கள், நம்பரை அழித்து வேறு எழுதினார்கள். அடிபட்ட காரின் மூக்கு இன்னொரு காருக்குப் போனது. பந்தயக்காரனுக்கு அடுத்த வாரம் ஓடினால் போதும், எழுபது வருடம் கழித்து ஒருவர் சான்றிதழ் கேட்பார் என்று அவன் நினைத்தானா?

அப்படி இருக்க, "இன்னார் ஓட்டிய அசல் கார்" என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்கிறார்கள். கூட்டத்தில் கண்டிப்பாக ஒரு பெரியவர் இருப்பார். ஒன்றும் பேசாமல் காரை ஒரு சுற்று வருவார். குனிந்து முன் ஆக்ஸில் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓரம் கிழிந்த கறுப்பு வெள்ளைப் போட்டோவை எடுத்து, அந்தக் காரில் ஸ்பிரிங் குறுக்கே இருந்ததே, இதில் நீளவாக்கில் இருக்கிறதே என்பார். பக்கத்தில் நிற்கிற பத்துப் பேரும் போட்டோவை எட்டிப் பார்ப்பார்கள்.

சேசிஸ் எந்தக் காலம், இன்ஜின் எது, எதெல்லாம் புதிதாகச் செய்தது என்று தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். நகல் என்றால் நகல் என்றே எழுதலாம். நல்ல நகலுக்கும் கூட்டம் கூடும்.

பெயின்ட்

அடிக்கும் முன் பழைய எழுத்துகளைப் போட்டோ எடுங்கள். அடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

மெத்தனாலை உள்ளே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது

இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். வருடா வருடம் சொல்லியும் நடக்கிறது.

மெத்தனால் என்றதும் நமக்குக் கள்ளக்குறிச்சிதான் நினைவுக்கு வரும். 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன கள்ளச்சாராயத்தில் இருந்தது இதுவேதான். இங்கே அது பந்தய எரிபொருள். இன்ஜினைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும், அதிக அழுத்தம் தாங்கும், தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியே அணைக்கலாம். 1964 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் பெட்ரோல் தீயில் ஓட்டுநர்கள் எடி சாக்ஸும் டேவ் மெக்டொனால்டும் இறந்த பிறகு அங்கே எல்லோருமே இதற்கு மாறினார்கள். ஆனால் இதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. 1981இல் அதே பந்தயத்தில் ஓட்டுநர் ரிக் மியர்ஸின் கார் பிட்டில், அதாவது எரிபொருள் நிரப்ப நிறுத்தும் இடத்தில், தீப்பிடித்தபோது, எரிகிறது என்பதே சுற்றி நின்ற பலருக்குப் புரியவில்லை. அவர் முகம் வெந்துபோனது. அதனால் எரிபொருள் நிரப்பும்போது பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வையுங்கள், கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இந்த அபாயத்தை எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள், ஜாக்கிரதையாகவும் இருக்கிறார்கள். எனக்கு எரிச்சல் மூட்டுவது ஓடி முடித்த பிறகு நடப்பது.

எடைக் கணக்கில், பெட்ரோல் ஒரு பங்கு எரியக் காற்று 14.7 பங்கு வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 போதும். அதாவது அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் மெத்தனால் உள்ளே போகிறது. பந்தயத்தில் முழு வேகத்தில் இன்ஜின் கொதிக்கும்போது அவ்வளவும் எரிந்துவிடும். நாம் செய்வதோ காட்சி ஓட்டம். மெதுவாக நாலு சுற்று, இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் முடிந்துவிடும். எரியாத மெத்தனால் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழே ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருக்கும். மெதுவாகத்தானே ஓட்டினேன், இன்ஜினுக்கு என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். மெதுவாக ஓட்டியதால்தான் ஆகிறது.

மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அலுமினியத்தையும் மெக்னீசியத்தையும் அரிக்கும். ஹில்பார்ன் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பொருத்திய காரில் பம்புக்குள் இரண்டு பல்சக்கரங்கள், இடைவெளியே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நெருக்கமாக இருக்கும். உள்ளே மெத்தனால் தேங்கினால் வெள்ளையாகப் பொடி கட்டும், பம்ப் இறுகும். எரிபொருளைப் பீய்ச்சும் நாசில்களின் ஊசித்துளைகள் அடைக்கும்.

ஒருவர் ஆஃபன்ஹவுசர் இன்ஜின் வைத்த மிட்ஜெட் ஒன்று கொண்டுவந்தார். அந்த இன்ஜினை இங்கே எல்லோரும் செல்லமாக "ஆஃபி" என்பார்கள். 1935இல் தொடங்கி 1976 வரை இண்டியானாபொலிஸில் திரும்பத் திரும்ப ஜெயித்த இன்ஜின் குடும்பத்தின் சின்னத் தம்பி. அக்டோபர் கடைசி ஷோ. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, மனிதருக்குக் கால் தரையில் இல்லை. அன்றிரவே டேங்கைக் காலி செய்யச் சொன்னோம். குளிருகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தார்ப்பாயைப் போர்த்திக் கொண்டுபோனார். அந்த நாளை மே மாதம் வந்தது. பம்ப் இறுகிக் கிடந்தது. அதைக் கழற்றித் துடைத்துச் சுற்ற வைத்தவர் நாசில்களைக் கழற்றிப் பார்க்கவில்லை. நாலில் ஒன்று பாதி அடைத்திருந்தது. அந்தச் சிலிண்டருக்கு எரிபொருள் போதாமல் சூடு ஏறி, இரண்டாவது சுற்றிலேயே நீலப் புகை. பிஸ்டனில் ஓட்டை.

வேறு இன்ஜினாக இருந்தால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்க்கலாம். ஆஃபியில் ஹெட் தனியாகக் கிடையாது. ஹெட்டும் சிலிண்டர் பிளாக்கும் ஒரே வார்ப்பு. ஹெட் கேஸ்கெட் இல்லை என்பது பந்தயத்தில் பெரிய வசதி. ரிப்பேரில் அது பெரிய வேதனை. பிஸ்டனைப் பார்க்க வேண்டுமென்றால் மொத்தப் பிளாக்கையும் இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸிலிருந்து தூக்க வேண்டும். பாகங்கள் கடையில் கிடைக்காது. செய்து தரும் சில கைகளுக்காகக் காத்திருக்க வேண்டும், அவர்கள் கேட்கிற விலையைக் கொடுக்க வேண்டும். அந்த சீசன் முழுக்க அந்தக் கார் வரவில்லை. அரை மணி நேர வேலை ஐயா. அரை மணி நேரம்.

அந்த அரை மணி வேலை இதுதான். கடைசிச் சுற்று முடிந்ததும் ஃபியூயல் வால்வை மூடி, குழாயில் மிச்சமிருப்பதை இன்ஜினே குடித்து அணையட்டும். டேங்கில் இருப்பதை மூடியுள்ள உலோகக் கேனில் வடியுங்கள், கேன் மேல் பெயர் எழுதுங்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இத்தனை குழந்தைகள் சுற்றும் இடத்தில், கொஞ்சம் குடித்தாலே பார்வை போகும் பொருளை! கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோல் வழியாகவும் இது உடலுக்குள் போகும். பிறகு கொஞ்சம் பெட்ரோலில் ஆயில் கலந்து, பம்ப் வழியாக நாசில் வரை போய்ச் சேரும்படி ஓட விடுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். இன்ஜின் ஆயிலைச் சூடு ஆறும் முன்பே வடித்துவிடுங்கள். புது ஆயில் விலை அதிகம் என்று புலம்புகிறவர்கள் ஆஃபி பிஸ்டனின் விலையை ஒருமுறை விசாரித்துக்கொள்ளலாம்.

தள்ளுகிறவரிடம் பேசாமல் ஏறி உட்காருவது

இந்தக் கார்களில் ஸ்டார்ட்டர் கிடையாது. பெரும்பாலானவற்றில் கிளட்ச்சும் கிடையாது. பின்னாலிருந்து புஷ் டிரக் தள்ளித்தான் இன்ஜின் உயிர் பெறும். டிராக்கில் இருக்கும் டிரக் இன்றைய ஸ்பிரின்ட் கார்களின் பம்பர் உயரத்துக்கு அமைந்தது. மிட்ஜெட்டின் பின் கம்பி அதைவிடத் தாழ்வு. டிரக்கின் பம்பர் கம்பி மேல் ஏறினால் நேராக வாலில் இடிக்கும். வாலுக்குள் இருப்பது ஃபியூயல் டேங்க். முன்னதாகவே போய் டிரக் ஓட்டுநரைக் கூப்பிட்டு, காரைக் காட்டி, இரண்டையும் மெதுவாக ஒட்டி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

தள்ளத் தொடங்கியதும், பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். ஆயில் பிரஷர் முள் எழும்பட்டும், பிறகு போடுங்கள். அந்தச் சில நொடிகளில் கூட்டம் பொறுமை இழக்காது. எல்லோரும் அந்த முதல் வெடிச் சத்தத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

காட்சியைப் பந்தயமாக்குவது

பக்கத்தில் இன்னொரு பழைய கார் வந்தால் போதும், சிலருக்குக் கால் தானாக அழுந்துகிறது. அந்தக் காலத்துக் கார்களில் பலவற்றில் தலைக்கு மேல் கூண்டு இல்லை. உருண்டால் நீங்கள்தான் கூண்டு. சக்கரங்கள் ஹாலிபிராண்ட் நிறுவனத்தின் மெக்னீசியச் சக்கரங்களாக இருந்தால் அவற்றுக்கும் உங்கள் அப்பா வயது. மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சாயம் தடவி விரிசல் பார்க்கும் சோதனையை சீசனுக்கு முன் செய்துவிடுங்கள். இடைவேளையில் தண்ணீர் லாரி அப்போதுதான் களிமண்ணை நனைத்துவிட்டுப் போயிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நேரம்

ஐந்து நிமிடம் கொடுத்தால் ஐந்தாவது நிமிடம் நீங்கள் வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள்.

பிரஷர் வாஷர்

களிமண்ணைக் காய விட்டு மரக்குச்சியால் உரித்து எடுங்கள், மிச்சத்தை ஈரத்துணியால் துடையுங்கள். பிரஷர் வாஷரை எடுத்தீர்களானால் தண்ணீர் முதலில் போய்ச் சேரும் இடம் மேக்னெட்டோ.