ஒற்றைக் கம்பியில் ஏழு சுரங்கள்

ஒரு பலகை, ஒரு கம்பி, சில தண்ணீர் பாட்டில்கள். ஸ்கேலால் அளந்தே சுரங்களின் இடத்தைக் கண்டுபிடிக்க இவை போதும்.

75 செ.மீ. நீளப் பலகையின் இடது ஓரத்தில் ஆணி அடித்து, கிட்டாரின் முதல் கம்பியை (0.010 எண், எஃகு) அதில் மாட்டுங்கள். ஆணிக்குச் சற்றுத் தள்ளி, 2 செ.மீ. உயர முக்கோணக் கட்டை ஒன்றைக் கம்பிக்கு அடியில் ஒட்டுங்கள். அதன் முனையிலிருந்து சரியாக 60 செ.மீ. தள்ளி இன்னொன்று. வீணைக்காரர்கள் இதைத்தான் குதிரை என்பார்கள். பலகையின் வலது விளிம்பில் வழுவழுப்பான பேனாக் குழல் ஒன்றை ஒட்டி, கம்பியை அதன்மேல் விட்டு, நுனியில் துணிப்பையைக் கட்டுங்கள். பலகையை மேசை ஓரத்தில் வைத்து, பைக்குள் 3 கிலோ தண்ணீர் பாட்டில்களை வையுங்கள். கம்பி அறுந்தால் சுளீரென்று அடிக்கும். முகத்தைத் தள்ளியே வைத்திருங்கள், பைக்குக் கீழே தலையணை போடுங்கள்.

மீட்டுங்கள். இதுதான் உங்கள் ச.

இனி மூன்றாவது குதிரை. மற்றவற்றைவிட 1 மி.மீ. மட்டுமே உயரம் இருக்கட்டும். அதிகமானால் கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுரம் ஏறிவிடும். குறைந்தால் கம்பி சரியாகப் பதியாமல் இரையும். இதைக் கம்பிக்கு அடியில் வைக்க வேண்டிய தூரங்கள், இடது குதிரையிலிருந்து: ரி 53.3, க 48, ம 45, ப 40, த 36, நி 32, மேல் ச 30 செ.மீ. இடது பக்கத்தை மட்டும் மீட்டுங்கள். வலது பக்கத்தை விரலால் அடக்குங்கள். கேட்பது சங்கராபரண ராகத்தின் சுரங்கள். குதிரையை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் பையைச் சற்றுத் தூக்கி விடுங்கள். இல்லாவிட்டால் விளிம்பின் உராய்வு கம்பியைப் பிடித்துக்கொண்டு, அளவு சரியாக இருந்தும் சுரம் விலகும்.

நீளம் பாதியானால் அதிர்வு இருமடங்கு. ப-வுக்கு நீளம் மூன்றில் இரண்டு பங்கு. ச 2 முறை அதிரும் நேரத்தில் ப 3 முறை அதிரும். இரண்டும் அடிக்கடி ஒன்றுகூடுவதால்தான் காதுக்கு அவ்வளவு இதம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசைக்குப் பெயரிட்ட பழந்தமிழரும் குரலிலிருந்து ஐந்தாவதான இளியின் இந்த உறவை நன்றாக அறிந்திருந்தார்கள்.

எடைக்கு வேறு கணக்கு. கிரேக்கத்துப் பிதாகரஸ் கம்பிகளில் எடை தொங்கவிட்டு, எடை இருமடங்கானால் மேல் ச வரும் என்று கண்டதாக ஒரு கதை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நூல்களில் எழுதப்பட்டு வந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், விஞ்ஞானி கலீலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய் உண்மையிலேயே தொங்கவிட்டுப் பார்த்தார். கதை பொய் என்று தெரிந்தது. நான்கு மடங்கு எடை வேண்டும்!

நீங்களும் பாருங்கள். நடுக் குதிரையை எடுத்துவிட்டு, பையோடு சேர்த்துச் சரியாக 1 கிலோ நிறுத்துத் தொங்கவிடுங்கள். இப்போது அதன் ஒலிதான் ச. பிறகு 2 கிலோ: மேல் ச வராது, ம-வுக்கும் ப-வுக்கும் நடுவே நிற்கும். 4 கிலோவில்தான் மேல் ச. ப வேண்டுமென்றால் ஒன்றரையை ஒன்றரையால் பெருக்குங்கள்: 2.25 கிலோ.