கையெழுத்துக்கு முன் கொடுக்கும் வாக்கு: தத்தெடுப்பவர்கள் பெற்ற தாயிடம் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பதி என்னைப் பார்க்க வந்தார்கள். தத்தெடுக்கப் பதிவு செய்து 3 வருடம் காத்திருந்தவர்கள். பிரசவத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண் இவர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இரண்டு முறை நேரில் பேசியும் விட்டார்கள். "மாசாமாசம் போட்டோ அனுப்புறோம், எப்ப வேணும்னாலும் வந்து பாத்துக்கலாம்னு சொல்லிட்டோம்" என்றார் அந்த மனைவி. முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 16 வருடத்துக்கு முன் நான் சொன்ன கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். குரல்கூட அதேதான் என்று தோன்றியது.

நான் வளர்த்த அம்மா. மகளைப் பெற்றவரோடு தொடர்பை அறுத்துக்கொள்ளாமல் வளர்க்கும் ஏற்பாட்டில், அதாவது ஓப்பன் அடாப்ஷன் முறையில், அவளைத் தத்தெடுத்தோம். சில வருடங்களாகப் புதிதாகத் தத்தெடுக்கப் போகிறவர்களின் பயிற்சி வகுப்புகளில் பேசி வருகிறேன். பிள்ளையிடம் உண்மையை மறைக்காதீர்கள், காசு கொடுத்துக் குழந்தை வாங்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதுகூடத் தெரியாமல் யாரும் வகுப்புக்கு வருவதில்லை. நாம் பொய்யே சொல்லாத ஆள் என்று தங்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பவர்கள் செய்கிற தவறுகள் வேறு. நானும் அந்த ரகம்தான்.

பிரசவத்துக்கு முன்பே 'பெற்ற தாய்' ஆக்கிவிடுவது

வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண் ஒரு கர்ப்பிணி. இப்போதைக்கு அவ்வளவுதான். அவர் பெறட்டும், முகத்தைப் பார்க்கட்டும், கொடுப்பதா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்யட்டும். அதற்குள் "எங்க குழந்தையோட பெத்த தாய்" என்று அவர் காதில் விழும்படி பேச ஆரம்பித்தால், நாளைக்கு அவர் மனம் மாறும்போது நம் வீட்டுப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டது போன்ற குற்ற உணர்ச்சி அவருக்கே வந்துவிடும். அந்த உணர்ச்சியில் போட்ட கையெழுத்தை நான் சம்மதம் என்று சொல்ல மாட்டேன்.

நாடுகளுக்கு இடையேயான தத்தெடுப்பு பற்றிய 1993-ஆம் வருட ஹேக் உடன்படிக்கை, தாயின் சம்மதத்தைக் குழந்தை பிறந்த பிறகுதான் பெற வேண்டும் என்கிறது. பணமோ வேறு பிரதிபலனோ அந்தச் சம்மதத்தைத் தூண்டியிருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இங்கிலாந்தில் குழந்தைக்கு 6 வாரம் ஆகும் முன் தாய் தரும் சம்மதம் செல்லாது. இந்தியாவின் 2015-ஆம் வருட சிறார் நீதிச் சட்டம், பிள்ளையை ஒப்படைத்தவர்கள் மறுபடி யோசிக்க 2 மாதம் தருகிறது. பிரசவக் களைப்பிலும், பால் கட்டிக்கொண்ட வேதனையிலும், தூக்கமில்லாத ராத்திரிகளிலும் எடுத்த முடிவில் ஒரு ஆயுளை எழுதி வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த நாட்கள் இவை. அந்த நாட்களில் பழம், பூ, சின்னச் சட்டை என்று தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

நான் போய் நின்றேன். பிரசவ அறையிலேயே நின்றேன். "கூட இருக்கட்டுமா?" என்று நானேதான் கேட்டேன். "சரி" என்றார். அவருக்கு 19 வயது, எனக்கு 36. வேறு என்ன சொல்லியிருப்பார்?

செலவுக் கணக்கை மனசில் வைத்திருப்பது

அந்தக் கர்ப்பிணிக்காகச் சட்டம் அனுமதிக்கிற செலவை, அனுமதிக்கிற வழியில் கொடுங்கள். கொடுத்ததை மறக்க முடியாது என்றால் கொடுக்காதீர்கள்.

இரண்டு தரப்புக்கும் ஒரே வக்கீல்

வேண்டாம்.

பயத்தில் வாக்குக் கொடுப்பது

இதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. என் மேல்தான்.

நான் கொடுத்த வாக்கு இது: மாதம் ஒரு கடிதம், கூடவே போட்டோ, வருடத்துக்கு இரண்டு சந்திப்பு. அவர் கேட்டது இதில் கால்வாசிகூட இல்லை. "பிறந்த நாளைக்கு ஒரு போட்டோ வந்தா போதும்" என்றார். நான்தான் ஏலம் கேட்கிற மாதிரி ஏற்றிக்கொண்டே போனேன். அன்றைக்கு அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தது பயம். எங்கே மனம் மாறிவிடுவாரோ என்ற பயம். கடன் கேட்கப் போகிறவன் வட்டி விகிதத்தைப் பற்றி யோசிக்க மாட்டான் அல்லவா, அந்த மனநிலைதான்.

முதல் வருடம் 12 கடிதம் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாம் வருடம் 5. மூன்றாம் வருடம் பிறந்த நாளைக்கு ஒன்று, அதுவும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிய அதே படம், பின்பக்கம் இரண்டு வரி. சந்திப்பு மொத்தமே 3 தடவை. நான்காம் வருடம் ஒன்றுமே இல்லை. சண்டை கிடையாது, மனஸ்தாபம் கிடையாது. 'இந்த வாரம் எழுதிடலாம்' என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன், அவ்வளவுதான். இதில் பொய் சொன்ன நாள் என்று ஒரு நாளைக் காட்டவே முடியாது.

நிறுத்தியதற்கு நான் ஒரு நியாயமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். 'போட்டோவைப் பார்த்தால் ஆறிக்கொண்டிருக்கிற புண்ணைக் கிளறின மாதிரி இருக்கும். அந்தப் பொண்ணுக்கும் ஒரு வாழ்க்கை அமையட்டும்.' அப்போதெல்லாம் வீட்டில் 'அந்தப் பொண்ணு' என்றுதான் சொல்வோம். 'அவர்' என்று எழுத எனக்குப் பல வருடம் ஆயிற்று. சரி, புண் கிளறுகிறதா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. வகுப்பில் இப்போதும் யாராவது "அவங்க நல்லதுக்குத்தான் நிறுத்திட்டோம்" என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கேட்டதாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

இந்த உறவில் கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பெற்றவர் கொடுக்க வேண்டியதை ஒரே கையெழுத்தில் மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார். நாம் கொடுக்க வேண்டியதெல்லாம் தவணை. தவணை தவறினால் ஜப்தி செய்ய ஆள் கிடையாது. அமெரிக்காவின் சில மாநிலங்களில், எழுதிக் கையெழுத்திட்ட தொடர்பு ஒப்பந்தத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியும், சில மாநிலங்களில் முடியாது. முடிகிற இடத்திலும், ஒப்பந்தத்தை மீறியதற்காகத் தத்தெடுப்பு ரத்தாகாது. 'எழுதி வாங்கிக்கிட்டாங்க இல்ல, அப்புறம் என்ன' என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் மனசாட்சியைத் தவிர அவரிடம் அடமானம் ஒன்றும் இல்லை.

ஐந்தாம் வருடம் வீடு மாறினோம். புது முகவரியை அடுத்த கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த கடிதம்தான் எழுதவே இல்லையே. தத்தெடுப்பை நடத்திவைத்த அமைப்பு வழியாகத் தகவல் போகும் என்று சொல்வதற்கும் வழி இல்லை. "நேரடியாவே எழுதிக்கலாமே, நடுவுல எதுக்கு ஆளு" என்று ஆரம்பத்திலேயே அந்த வழியை அடைத்ததும் நான்தான்.

மகளுக்கு 13 வயதில் அடிக்கடி தலைவலி வந்தது. ரத்த அழுத்தம் பார்த்தால், அந்த வயதுக்கு இருக்கவே கூடாத அளவு. குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு உண்டா என்று டாக்டர் கேட்டார். தத்தெடுத்தபோது பெற்றவர் நிரப்பிக் கொடுத்த உடல்நல விவரப் படிவத்தைப் பெருமையாக எடுத்து நீட்டினேன். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை'. ஒரு மாத அலைச்சலுக்குப் பிறகு ஸ்கேனில் தெரிந்தது, இரண்டு சிறுநீரகத்திலும் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள். பாலிசிஸ்டிக் கிட்னி. பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவது. அவர்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. "யாருக்காவது இருந்திருக்கணுமே" என்றார் டாக்டர்.

பெற்றவர் வீடு மாறவே இல்லை. பழைய முகவரிக்கு ஒரு கடிதம் போட்டேன், எட்டாம் நாள் பதில் வந்துவிட்டது. பதிலுக்குள்ளே இன்னொரு கவர் இருந்தது. எங்கள் பழைய வீட்டு முகவரி எழுதி, ஆள் இல்லை என்று தபால்காரர் குறித்துத் திருப்பிய கவர். பிரிக்காமலே 6 வருடம் வைத்திருந்திருக்கிறார். அவருடைய அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோதுதான் அது பரம்பரை நோய் என்று அவர்கள் குடும்பத்துக்கே தெரிந்திருக்கிறது. உடனே இவரும் ஸ்கேன் எடுத்திருக்கிறார், இவருக்கும் இருந்திருக்கிறது. அப்போது அவருக்கு 26 வயது. அந்த வாரமே எழுதியிருக்கிறார்: பாப்பாவுக்கு பிபி பாத்துக்கிட்டே இருங்க.

படிவத்தில் அவர் எழுதிய 'இல்லை' பொய்யில்லை. 19 வயதுப் பெண்ணுக்கு 26 வயதில் தெரியப்போவது எப்படித் தெரியும்? உடல்நலப் படிவம் என்பது ஒரு நாள் எடுத்த போட்டோ. ஹேக் உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு, பிள்ளையின் பூர்வீகம், பெற்றோர் யார், குடும்ப உடல்நலம் ஆகிய விவரங்களைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் பீரோவில் இருக்கும் காகிதம் தானாக வளராது. அதை வளர்ப்பது வருடா வருடம் போய் வரும் கடிதம்.

மகள் மாத்திரை சாப்பிடுகிறாள், இப்போது அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. அந்த 6 வருடத்தில் எப்போது ஏற ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கோபம் வரும்போதெல்லாம் அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஒரு அட்ரஸ் அனுப்ப உனக்கு என்னம்மா கஷ்டம்?"

அதனால், புதிதாக வருபவர்களிடம் கொடுக்க நினைக்கும் வாக்கைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறேன், அப்புறம் அதையும் பாதியாக்கச் சொல்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல், வேலை போய்விட்டது, கணவன் மனைவி பேச்சுவார்த்தை இல்லை என்கிற வாரத்திலும் செய்ய முடிந்தது எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு கடிதம் என்றால் கேட்க அற்பமாக இருக்கும். பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை தவறாமல் எழுதினால் 18 கடிதம். நான் எழுதியதைக் கூட்டிப் பாருங்கள்: 12, 5, 1. அதுவும் 18 தான்.

அந்தத் தம்பதியிடமும் இதைச் சொன்னேன். "நாங்க அப்படிப்பட்டவங்க இல்லைங்க" என்றார் கணவர், கொஞ்சம் மனம் புண்பட்டு. நானும் அப்படிப்பட்டவள் இல்லைதான்.

'சித்தி' என்று அறிமுகம் செய்வது

பொய்க்கு நம் உறவுப் பெயர்கள் ரொம்ப வசதி. எந்தப் பெண்ணையும் அத்தை, சித்தி, பெரியம்மா என்று எதிலாவது அடைத்துவிடலாம். அந்த 3 சந்திப்பிலும் பெற்றவரைச் 'சித்தி' என்றுதான் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் எதிரிலேயே. அவர் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். மகள் 4 வயதில் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "இந்தச் சித்தி உன் தங்கச்சியாம்மா?" என்று கேட்டாள். நான் "ம்" என்றேன். தத்தெடுத்த பிள்ளை என்பதை அவளிடம் முதலிலிருந்தே சொல்லி வளர்த்தேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள் நான். அந்த ஒரு எழுத்தைத் திரும்ப எடுக்க இரண்டு வருடம் ஆயிற்று. இப்போது மகள் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அவளாகத் தேர்ந்தெடுத்தது.

'உன்மேல பாசம் இருந்ததாலதான் குடுத்தாங்க'

சொல்லாதீர்கள். பாசம் வைத்தவர்கள் கொடுத்துவிடுவார்கள் என்று குழந்தை புரிந்துகொள்ளும், அடுத்து நம்மைப் பார்க்கும். தவிர, அது அவருடைய காரணம், நாம் அலங்கரிக்க வேண்டியதில்லை. அவர் கைப்பட எழுதித் தரச் சம்மதித்தால் வாங்கி வையுங்கள். எழுத்துப் பிழையைக்கூடத் திருத்த வேண்டாம்.

குழந்தையின் அப்பாவைப் பற்றிக் கேட்காமல் விடுவது

பாதி உடம்பு அங்கிருந்து வந்தது. கேளுங்கள்.

ரகசியம் நிற்கும் என்று நம்புவது

தத்துப்பிள்ளைகள் வளர்ந்த பின் தங்கள் பிறப்புப் பதிவைப் பார்க்க ஸ்காட்லாந்து 1930-இலேயே அனுமதித்துவிட்டது. இங்கிலாந்தில் அந்த உரிமை 1975-ஆம் வருடச் சட்டத்தில் வந்தது. அதற்கு முன் பிள்ளையைக் கொடுத்த தாய்மார்கள், தங்கள் பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கையில் கொடுத்தவர்கள். அதனால் 1975 நவம்பர் 12-க்கு முன் தத்துப்போனவர்கள், பதிவைப் பார்க்கும் முன் ஒரு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று விதி வைத்தார்கள். இப்போது சட்டம்கூட வேண்டாம், எச்சிலை வைத்து மரபணு பார்க்கும் பரிசோதனைக் குழாய் ஒன்று போதும்.

ஆஸ்திரேலியாவில், கட்டாயத் தத்தெடுப்பில் பிள்ளையை இழந்த தாய்மார்களிடமும் அந்தப் பிள்ளைகளிடமும் 2013 மார்ச் 21 அன்று பிரதமர் ஜூலியா கில்லார்ட் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டார். எனக்கு அந்தப் பிள்ளைகளை வளர்த்தவர்களின் ஞாபகம் வரும். 'அந்தப் பொண்ணு சம்மதிச்சுத்தான் குடுத்தாளா?' என்று அவர்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள்? கேட்டு, பதில் பிடிக்காமல் போனால் குழந்தை கிடைக்காது. கேட்காமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

சமூக வலைத்தளத்தில் பிளாக் செய்வது

செய்தே ஆக வேண்டும் என்றால் காரணத்தைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மன்னிப்புக் கடிதத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது

அந்தப் பழைய கவரைப் பார்த்த அன்று ராத்திரி 4 பக்கம் எழுதினேன். பயம், சோம்பல், கண்டுபிடித்த நியாயம், எல்லாவற்றையும் கொட்டினேன். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாயிற்று, என்னுடையது. இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. அவருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகல், அவர் அப்பாவுக்கு எத்தனை வயதில் டயாலிசிஸ் ஆரம்பித்தது என்ற விவரம், அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயர். என் 4 பக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கடைசியில் ஒரு வரி: "இனிமே வீடு மாறினா சொல்லுங்க."