கூரைக்குள்ள பன்னி: சீன 'ஜியா' எழுத்தோட மூலத்தை நீங்களே தேடிப் பாக்குறது எப்படி

கூரைக்குக் கீழ பன்னி இருந்தா அது வீடு, அதான் சீனத்துல வீட்டுக்கான 'ஜியா' எழுத்து. சீன எழுத்து படிக்க ஆரம்பிச்ச எல்லார் காதுலயும் விழுற கதை. ஞாபகத்துல நிக்கும் சரி, ஆனா மூலமே அதுதானா? பின்யின் கீபோர்ட் (சீனச் சத்தத்தை ஆங்கில எழுத்துல அடிக்குறது) போன்ல இருக்குன்னு வச்சுட்டு ஆரம்பிக்கிறேன்.

1. ஜே, ஐ, ஏ அடிங்க, ஒரு கூட்டமே வரும். உச்சியில புள்ளி, அதுக்குக் கீழ கூரை, இடப்பக்கம் எதுவும் ஒட்டாம இருக்குறத எடுங்க. இடப்பக்கம் பொண்ணைக் குறிக்குற பகுதி இருந்தா அது கல்யாணம் கட்டிப் போறது, வேற எழுத்து.

2. பிரிங்க. கூரை 3 ஸ்ட்ரோக் (பேனா இழுப்பு), பன்னி 7, மொத்தம் 10.

3. இங்கதான் நிதானம் வேணும். கீழ இருக்குற பன்னி அர்த்தத்துக்கு வந்துச்சா, சத்தத்துக்கு வந்துச்சா? கி.பி. 100 வாக்குல 'ஷுவோவென்' அகராதி எழுதுன சு ஷென், சத்தத்துக்குத்தான்னு சொல்றார்: ஆண்பன்னிக்குத் தனியா ஒரு எழுத்து உண்டு, அதுவும் ஜியாதான், அதைச் சுருக்கி கூரைக்குள்ள வச்சுட்டாங்களாம். 1815ல அதுக்கு உரை போட்ட துவான் யூட்சாய் ஒத்துக்கல, முதல்ல பன்னி இருக்குற இடம், அப்புறம் மனுசன் இருக்குற இடம்னு ஆயிருச்சுங்கிறார். ரெண்டு பேருமே ஷாங் அரச வம்சக் காலத்துல எலும்புல செதுக்குன எழுத்தைப் பாத்ததில்ல, அது என்னன்னு அறிஞர்களுக்குத் தெரிஞ்சதே 1899லதான். அந்த எலும்பு வடிவங்கள் சிலதுல பன்னி வயித்துக்குக் கீழ ஆண்குறிக்கு ஒரு சின்னக் கோடு இருக்கு, அதனால நான் சு ஷென் கட்சி.

4. அந்தக் கோட்டை நீங்களே பாருங்க. ஆங்கில விக்சனரிங்கிற இணைய அகராதில பழைய வடிவம்லாம் படமா வரிசையா இருக்கும், இன்னும் தோண்டணும்னா ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தோட எழுத்துத் தரவுத்தளம். பிளெகோங்கிற சீன அகராதி ஆப் அர்த்தம் பாக்க அருமை, மூலத்துக்கு நான் அதைத் தொடுறதில்ல. மனப்பாட ஆப்ல வர்ற கார்ட்டூன் கதையை ஆதாரமா எடுக்கவே எடுக்காதீங்க.

5. ஜியாவோட அர்த்தம் வீடு, குடும்பம்னு அதோட நிக்காது. 'ஹுவா' படம், 'ஹுவாஜியா' ஓவியர். கடை, கம்பெனி எண்ணுறப்பவும் நம்பருக்குப் பின்னாடி இதே ஜியாதான்.

அப்டேட்: தைவான் புக்ல ஃபர்னிச்சருக்கு வர்ற ஜியால இடப்பக்கம் ஆளைக் குறிக்குற பகுதி இருக்கேன்னு கேட்டிருந்தீங்க. அது எளிமையாக்காத பாரம்பரிய எழுத்து, சீனாவுல எழுத்துகளை எளிமையாக்குனப்ப அதையும் இதுக்குள்ளயே சேத்துட்டாங்க. மூலம் தேடுறப்ப ஆள் பகுதி இல்லாததையே போடுங்க.