ஷெர்மன் டாங்கி மாடல்: பெயின்ட்டிலும் வெதரிங்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1/35 ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜ டாங்கியில் மூன்றரை சென்டிமீட்டர். இந்தக் கணக்கை மறப்பதால்தான் நல்ல பிளாஸ்டிக் மாடல்கள் பல, பெயின்ட் அடித்து அழுக்கும் தேய்மானமும் காட்டும் (வெதரிங்) கடைசிக் கட்டத்தில் கெட்டுப்போகின்றன. பிரஷ் நுனியால் ஆசையாக வைக்கிற 2 மி.மீ. சிப், நிஜத்தில் கிட்டத்தட்ட உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்த இடம். அப்படி உடம்பெல்லாம் உரிந்த வண்டியைக் காயலான் கடையில் பார்க்கலாம், போர்முனையில் பார்க்க முடியாது. அதனால் எந்தக் கறையை வைக்கும் முன்னும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இது எதனால் வந்தது? நிஜத்தில் எவ்வளவு பெரியது?

1944-45இல் மேற்கு ஐரோப்பாவில் ஓடிய அமெரிக்க எம்4ஏ3 ஷெர்மனை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒரே பச்சை நிறம், ரப்பர் டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை), நிறைய போல்ட், நிறைய வெல்டிங் கோடு. தவறு செய்ய எல்லா வாய்ப்பும் உள்ள வண்டி.

பெயின்ட்டுக்கு முன்

பாகங்களைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவிக் காயவைக்காமல் ஒட்டத் தொடங்குவது முதல் தவறு. அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கும் விரல் பிசுக்கும் இருக்கும் இடத்தில்தான் பிறகு மாஸ்கிங் டேப்போடு பெயின்ட்டும் உரிந்து வரும். பித்தளைத் தகட்டுப் பாகங்கள், அலுமினியக் குழல் இருந்தால் பிரைமர் (பிடிப்புக்கான அடிப்பூச்சு) கட்டாயம்; வெறும் உலோகத்தில் அக்ரிலிக் பெயின்ட் பிடிக்காது.

ஹார்டுவேர் கடை என்சி தின்னரை ஏர்பிரஷ்ஷின் (காற்றால் பெயின்ட் தூவும் கருவி) உலோகப் பாகங்களைக் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், பெயின்ட்டில் கலக்காதீர்கள். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அது கரைக்கும். ரிவெட்டும் வெல்டிங் கோடும் மழுங்கிப்போகும்.

பச்சை ஏன் கறுப்பாகத் தெரிகிறது

டமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-62 ஒலிவ் டிராப் (ராணுவப் பச்சை) பெயின்ட்டை பாட்டிலில் இருப்பது போலவே அடித்தால், அலமாரி வெளிச்சத்தில் மாடல் கறுத்த கட்டியாகத் தெரியும். சின்னப் பரப்பில் எந்த நிறமும் அடர்த்தியாகவே தெரியும். மேலே வாஷும் (பள்ளங்களில் படியவிடும் நீர்த்த அடர் நிறம்) ஏறும்போது இன்னும் இருளும். ஐந்து பங்கு எக்ஸ்எஃப்-62க்கு ஒரு பங்கு எக்ஸ்எஃப்-60 டார்க் யெல்லோ சேர்த்து அடிப்படை நிறத்தை அடியுங்கள். பிறகு அதே கலவையில் கொஞ்சம் எக்ஸ்எஃப்-57 பஃப் சேர்த்து மேல்தளம், டரட் (பீரங்கிக் கோபுரம்) உச்சி, ஹேட்ச் (ஏறி இறங்கும் வாயில்) மூடி ஆகியவற்றின் நடுப்பகுதியில் மட்டும் மெல்லிசாகத் தூவுங்கள். இந்தக் கட்டத்தில் 'கொஞ்சம் வெளுத்துவிட்டதோ' என்று தோன்றினால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

பெயின்ட் ஒரு பங்கு, எக்ஸ்-20ஏ தின்னர் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு. பால் பதத்துக்கு வர வேண்டும். 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம், 8 முதல் 10 செ.மீ. தூரம். மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரத்தால், காற்றழுத்தம் கூடுதல் அல்லது கை தள்ளியிருக்கிறது. பெயின்ட் போய்ச் சேரும் முன்பே காற்றில் காய்கிறது. நம் ஊர்க் கோடையில் இது சீக்கிரம் நடக்கும், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இரண்டு சொட்டு விடுவது உதவும். எக்ஸ்-20ஏ, எக்ஸ்-20 இரண்டும் பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்: முதலாவது அக்ரிலிக்குக்கு, இரண்டாவது எனாமலுக்கு. மாற்றி ஊற்றினால் கிண்ணத்திலேயே திரிந்துவிடும். வல்லேஹோ நிறுவனத்தின் பெயின்ட்டில் ஆல்கஹால் அடிப்படையிலான தின்னர் விட்டாலும் கொழகொழவென்று ஆகி நாசிலை அடைக்கும்.

டிகாலும் வார்னிஷும்

வெள்ளை நட்சத்திர டிகாலை (நீரில் நனைத்து ஒட்டும் சின்னம்) நேராக மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் மேல் ஒட்டினால், சொரசொரப்புக்கு இடையில் காற்று சிக்கி, ஓரத்தில் வெள்ளிப் படலம் போல மின்னும். எக்ஸ்-22 கிளாஸ் (பளபளப்பு வார்னிஷ்) மெல்லிசாக இரண்டு கோட், ஒரு நாள் காயவிடுதல், பிறகு டிகால், மேலே டிகாலை இளக்கும் திரவமான மைக்ரோ சால். மைக்ரோ சால் விட்டதும் டிகால் சுருங்கும். பதறி விரலால் அழுத்தாமல் விட்டுவிட்டால் தானே படியும்.

மழைக்காலத்திலும் சென்னை போன்ற கடலோர ஊரின் ஈரமான மாலையிலும் ஸ்ப்ரே கேன் மேட் வார்னிஷ் அடிக்க வேண்டாம். ஈரப்பதம் படலத்துக்குள் சிக்கி வெண்பனி போல மூடிக்கொள்ளும். நடந்துவிட்டால், வறண்ட நாளில் கிளாஸ் ஒரு கோட் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் தெளியும்.

வாஷ்: குளிப்பாட்டக் கூடாது

அக்ரிலிக் மேல் எனாமல் அல்லது ஆயில் வாஷ் போடுவதற்குக் காரணம், அந்த வாஷைக் கரைக்கப் பயன்படும் ஒயிட் ஸ்பிரிட் அக்ரிலிக்கைக் கரைக்காது என்பதுதான். எனாமல் அடிப்படை நிறத்தின் மேல் எனாமல் வாஷ் போட்டு, துடைக்கும்போது பச்சையும் சேர்ந்து வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

ஒலிவ் டிராபுக்குக் கறுப்பு வாஷ் வேண்டாம். பர்ன்ட் அம்பர் ஆயிலை வாசனையற்ற ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்த அடர் பழுப்பு போதும். மாடல் முழுக்கப் பூசாமல், மெல்லிய பிரஷ் நுனியால் போல்ட் தலையையும் வெல்டிங் கோட்டையும் தொடுங்கள். திரவம் தானே ஓடிப் பிடிக்கும். 15, 20 நிமிடம் கழித்து, ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்துத் துணியில் ஒற்றிய பிரஷ்ஷால் மிச்சத்தைத் துடையுங்கள். செங்குத்துப் பரப்பில் எப்போதும் மேலிருந்து கீழாக.

ஷெர்மனில் தனி ஆபத்து ஒன்று உண்டு. சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் போகிகளின் உட்பக்கம் பெயின்ட் சரியாக ஏறாமல் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும். அங்கே வாஷ் தேங்கினால், இழுவிசையில் இருக்கும் பாலிஸ்டைரீன் விரிசல் விட்டு ஒடியும். வினைல் டிராக் இறுக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும் ஐட்லர் (பின்கோடிச் சக்கரம்) அச்சு முதலில் போகும். எனவே வீல் பகுதிக்கு வாஷைக் குறைவாக, டிராக்கை மாட்டும் முன்பே போட்டு, முழுதாகக் காயவிடுங்கள்.

சிப்பிங்கும் சுண்ணாம்பும்

வெள்ளிநிறச் சிப் விமானத்துக்குப் பொருந்தும். டாங்கியின் உருக்குத் தகட்டில் பெயின்ட் போன இடம் சீக்கிரமே கரும்பழுப்பாகிவிடும். முதலில் அடிப்படைப் பச்சையை விட ஒரு படி வெளிறிய நிறத்தில் மெல்லிய கீறல்கள். அவற்றில் சிலவற்றின் நடுவே மட்டும் வல்லேஹோ 70.822 போன்ற கரும்பழுப்பு. ஸ்பாஞ்ச் துண்டால் ஒற்றுவதானால் முதலில் டிஷ்யூவில் பல முறை ஒற்றிக் கிட்டத்தட்டக் காலியாக்குங்கள். வீரர்கள் ஏறி இறங்கும் முன்பக்கம், ஹேட்ச் விளிம்பு, கருவிகள் உரசும் இடம்: சிப் இங்கே வரும். டரட்டின் பின்பக்கச் சுவருக்கு வர வேலையில்லை. கொழகொழத் துருவும் வேண்டாம். ஓடிக்கொண்டிருந்த ஷெர்மனில் எக்ஸாஸ்ட் தவிரப் பெரிய துரு இருக்க வழியில்லை.

பனியில் மறையச் சுண்ணாம்பு பூசிய, ஆர்டென் போரின் வெள்ளை ஷெர்மன் செய்ய ஆசைப்படுபவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். 1944 டிசம்பரிலும் 1945 ஜனவரியிலும் அந்தச் சுண்ணாம்பை அடித்தது தொழிற்சாலை அல்ல. படைவீரர்கள் களத்தில் அவசர அவசரமாக, பெரும்பாலும் கையால் பூசினார்கள். எனவே திட்டுத்திட்டாக, சில இடத்தில் தடிப்பாக, சில இடத்தில் பச்சை எட்டிப்பார்க்க இருக்க வேண்டும். ஏர்பிரஷ்ஷில் சீராக அடித்துவிட்டு, பிறகு சீராகச் சுரண்டுவது இரட்டைத் தவறு.

வழி இது: டிகாலை வார்னிஷால் மூடிய பிறகு, சாதாரண ஹேர்ஸ்ப்ரே மெல்லிசாக இரண்டு கோட். 15, 20 நிமிடம் காயவிடுங்கள். எக்ஸ்எஃப்-2 வெள்ளையில் ஒரு துளி பஃப் சேர்த்து, எக்ஸ்-20ஏவில் கரைத்து, இடத்துக்கு இடம் அடர்த்தி மாற்றி அடியுங்கள். அரை மணிக்குள் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பழைய குட்டை பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்குங்கள்; நீரில் ஹேர்ஸ்ப்ரே இளகி, மேலிருக்கும் வெள்ளை உதிரும். மறுநாள் வரை விட்டால் வெள்ளை இறுகிக்கொள்ளும். லேக்கர் தின்னரில் கரைத்திருந்தால் அது ஹேர்ஸ்ப்ரேயையும் ஊடுருவிப் பச்சையோடு ஒட்டிவிடும், என்ன தேய்த்தாலும் வராது. வல்லேஹோ வெள்ளையாக இருந்தால் எதிர்த் தொல்லை: துகளாக உதிராமல் தோல் போல உரியும்.

டிராக்: அதிகம் பேர் தவறும் இடம்

டிராக் என்றாலே தரையில் படும் முகத்தில் உலோகப் பென்சில் தேய்த்துப் பளபளக்க வைப்பது பழக்கமாகிவிட்டது. ஜெர்மன், சோவியத் டாங்கிகளின் உருக்கு டிராக்குக்கு அது சரி. ஷெர்மனுக்கு எந்த டிராக் என்று முதலில் பாருங்கள். டி48, டி51 இரண்டும் ரப்பர் பட்டை; அதைப் பளபளக்க வைத்தால் விஷயம் தெரிந்தவர் கண்ணை அதுதான் முதலில் உறுத்தும். ரப்பருக்கு எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக்கோ அதற்கு நெருங்கிய அடர் சாம்பலோ அடித்து, பள்ளத்தில் மண் நிறம் விடுங்கள். தேய்ந்து மின்னுவது இரு ஓரத்திலும் பட்டைகளை இணைக்கும் எண்ட் கனெக்டர், அதைப் பற்றும் ஸ்ப்ராக்கெட் (டிராக்கை இழுக்கும் சக்கரம்) பல், வீல் ஓரத்தில் உரசும் கைடு ஆகியவை மட்டும். டி54ஈ1 போன்ற உருக்கு டிராக்கானால்தான் தரைமுகத்துக்கும் மினுக்கம் வரும். வினைல் டிராக்கில் எனாமல் பெயின்ட் சில நேரம் காயாமலே பிசுபிசுக்கும், அக்ரிலிக் பயன்படுத்துங்கள்.

மண், தூசி, எண்ணெய்

பிக்மென்ட் (மண், தூசிக்கான வண்ணத் தூள்) போட்ட பிறகு மேட் வார்னிஷ் அடித்தால் பாதித் தூசி காணாமல் போகும். மீதி நிறம் மாறும். வார்னிஷை முன்பே முடித்துவிட்டு, பிக்மென்ட்டை ஃபிக்ஸர் என்ற ஒட்டுத் திரவத்தின் சொட்டால் மட்டும் பிடிக்கவையுங்கள். ஒரே நிறத்தை ஒரே தடிப்பில் அப்புவது இன்னொரு தவறு. மேல்பகுதிக்கு வெளிறிய காய்ந்த தூசி, கீழே போகப்போக அடர்ந்த மண், வீலருகே மட்டும் கிளாஸ் வார்னிஷ் கலந்த ஈரச் சேறு. பிக்மென்ட் நுண்துகள் என்பதால் மாஸ்க் இல்லாமல் வேலை செய்யாதீர்கள்.

எரிபொருள் கறையிலும் எந்த ஷெர்மன் என்று பார்க்க வேண்டும். எம்4ஏ3 பெட்ரோல் வண்டி. சிந்தியது ஆவியாகிவிடும், எனவே மூடியைச் சுற்றித் தூசி கழுவப்பட்ட தடமும் மெல்லிய கறையும் போதும். சோவியத்துக்குப் போன எம்4ஏ2 டீசல் வண்டி. அதில் வழிந்த டீசல் தூசியைப் பிடித்துவைக்கும், என்ஜின் தளத்தில் கறுத்த, கொஞ்சம் பளபளப்பான வழிசல் வைக்கலாம்.