ஒரே ஆளுக்கு ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பில்லிங் ரேட் வைக்கிறது எப்படி

ஒருத்தர் ரெண்டு ப்ராஜெக்ட்ல வேலை பாக்குறாரு, ஒரு கிளையன்ட்கிட்ட மணிக்கு 800னு பேசியிருக்கோம், இன்னொருத்தர்கிட்ட 1200. சாஃப்ட்வேர்ல அவர் பேருக்கு ஒரே ஒரு ரேட் தான் போட்டிருக்கு. மாசக் கடைசில இன்வாய்ஸ் போடும்போது ஒவ்வொரு லைனா கையால மாத்திட்டு இருப்போம், ஒரு லைன் விட்டாலும் போச்சு, 40 மணி நேரத்துக்கு 16000 குறைச்சலா பில் போயிடும், கிளையன்ட் அதை நமக்கு சொல்லவும் மாட்டாங்க.

முதல்ல ஒண்ணு தெளிவா வெச்சுக்கோங்க. காஸ்ட் ரேட் வேற, பில்லிங் ரேட் வேற. காஸ்ட் ரேட்ங்கிறது அந்த ஆளோட ஒரு மணி நேரத்துக்கு நமக்கு ஆகுற செலவு, அது எந்த ப்ராஜெக்ட்னாலும் பெரும்பாலும் ஒண்ணு தான். பில்லிங் ரேட் கிளையன்ட்கிட்ட வாங்குறது, அது ப்ராஜெக்ட்டுக்கு ப்ராஜெக்ட் மாறும். இது ரெண்டையும் மாத்திப் போட்டுட்டா லாபக் கணக்கே தப்பா வரும்.

ஜோஹோ புக்ஸ்ங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல இது ரொம்ப ஈஸி. புது ப்ராஜெக்ட் போடும்போது பில்லிங் மெத்தட் கேக்கும்ல, அங்க ஸ்டாஃப் ஹவர்ஸ்னு (ஆளோட மணி நேரத்தை வெச்சு பில் பண்றது) இருக்குறதை எடுங்க, அப்புறம் கீழ யூசர்ஸ் பகுதில ஒவ்வொருத்தர் பேருக்கு பக்கத்துலயும் மணிக்கு எவ்வளவுன்னு போடலாம். அந்த ரேட் அந்த ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் தான், அடுத்த ப்ராஜெக்ட்ல அதே ஆளுக்கு வேற போட்டுக்கலாம்.

குவிக்புக்ஸ் டெஸ்க்டாப்ங்கிற இன்னொரு கணக்கு சாஃப்ட்வேர்ல தான் கொஞ்சம் சுத்தணும். அதுல பில்லிங் ரேட் லெவல்னு ஒண்ணு, அதாவது ஒரு ஆளுக்கு மாட்டி விடுற ரேட் செட், இருக்கு (எல்லா எடிஷன்லயும் கிடையாது, ப்ரொஃபஷனல் சர்வீசஸ், காண்ட்ராக்டர் மாதிரி எடிஷன்ல இருக்கு), ஆனா ஒரு எம்ப்ளாயிக்கு ஒரு லெவல் தான் மாட்ட முடியும், ப்ராஜெக்ட் வாரியா மாட்ட வழி இல்ல. அதனால என்ன பண்ணணும்னா, ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சர்வீஸ் ஐட்டம் (பில்ல வர்ற வேலையோட பேர்) உருவாக்கணும், டிசைன் ஏ, டிசைன் பி மாதிரி. அப்புறம் லிஸ்ட்ஸ் மெனுல பில்லிங் ரேட் லெவல் லிஸ்ட் போய், கஸ்டம் ஹவர்லி ரேட் எடுத்து, ஏ-க்கு 800, பி-க்கு 1200னு போட்டு, அந்த லெவலை எம்ப்ளாயி ரெக்கார்டுல செலக்ட் பண்ணிடுங்க. டைம்ஷீட்ல (யார் எத்தனை மணி நேரம் வேலை பாத்தாங்கன்னு போடுற பதிவு) சரியான ஐட்டத்தை எடுத்தா இன்வாய்ஸ்ல ரேட் தானா வந்துடும். ஐட்டம் தப்பா எடுத்தா ரேட்டும் தப்பா தான் வரும், அதனால டைம்ஷீட் போடுற எல்லாருக்கும் எந்த ப்ராஜெக்ட்டுக்கு எந்த ஐட்டம்னு எழுதியே குடுத்துடுங்க, வாயால சொன்னா மறந்துடுவாங்க. இன்னொண்ணு, ரெண்டு ஐட்டத்துக்கும் ஒரே இன்கம் அக்கவுண்ட் வைங்க, இல்லன்னா ரிப்போர்ட் துண்டு துண்டா ஆயிடும்.

நடுவுல ரேட் ஏத்துறீங்கன்னா கவனம். உங்க சாஃப்ட்வேர்ல ரேட் இன்வாய்ஸ் போடுற நேரத்துல தான் ஒட்டும்னா, இன்னும் பில் பண்ணாத பழைய மணி நேரத்துக்கும் புது ரேட் விழுந்துடும், கிளையன்ட்டோட நம்பிக்கையே போயிடும். பழசை எல்லாம் முதல்ல பில் பண்ணி முடிங்க, அப்புறம் ரேட்டை மாத்துங்க.

செட் பண்ணதும் நேரா கிளையன்ட்டுக்கு அனுப்பிடாதீங்க. ரெண்டு ப்ராஜெக்ட்லயும் ஒரே ஆள் பேர்ல தலா ஒரு மணி நேரம் பில்லபிள்னு (கிளையன்ட்டுக்கு பில் பண்ணணும்னு) டிக் பண்ணி என்ட்ரி போட்டு, ட்ராஃப்ட் இன்வாய்ஸ் எடுத்துப் பாருங்க. ஒண்ணுல 800, இன்னொண்ணுல 1200 வந்தா செட்டிங் சரி, அந்த ட்ராஃப்ட்டையும் டெஸ்ட் என்ட்ரியையும் மறக்காம அழிச்சிடுங்க.