தொண்ணூறுகளின் கல்லூரிக் காதல் கதை: மீனாட்சிபுரம் எல்லையில் வைத்து எழுதிப் பார்ப்போம்

கல்லூரிக் காதலை வைத்துச் சிரிக்கச் சிரிக்க ஒரு குறும்படக் கதை எழுத ஆசை, ஆனால் எங்கே தொடங்குவது என்று புரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் காதலில் சேதி போய்ச் சேர நாளாகும். சிரிப்பு பிறப்பதே அந்தத் தாமதத்தில்தான். அதைப் பிடித்துக்கொண்டால் கதை தானாக ஓடும்.

படி 1: வருஷம்

பொத்தாம்பொதுவாகத் தொண்ணூறுகள் என்று விடாதீர்கள். நான் 1995 என்பேன். கேரளத்துக்குச் செல்போன் 1996-ல்தான் வந்தது. 1997-ல் கேரள உயர் நீதிமன்றம் பந்த் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு அதே கடையடைப்புக்கு ஹர்த்தால் என்று பெயர். 1995 என்றால் தாராளமாக ஒரு பந்த் வைக்கலாம். நமக்கு அது தேவைப்படும்.

படி 2: ஊர்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் இருக்கும் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை உண்டு. கேரளக் கல்லூரியில் தமிழ் பேசும் ஜோடி எப்படி என்று விளக்க வேண்டிய வேலையே இல்லை. இருவரும் டிகிரி படிக்கட்டும். அவன் சித்தூர்க்காரன். அவள் பொள்ளாச்சியிலிருந்து தமிழக-கேரள எல்லையில் இருக்கும் மீனாட்சிபுரம் வழியாகப் பஸ்ஸில் வருகிறவள்.

படி 3: அவள்

பின்னாலேயே சுற்றித் தொந்தரவு பண்ணுவதைக் காதல் என்று எழுதாதீர்கள். அந்தக் காலப் படங்கள் பலவற்றில் எனக்குக் கசப்பது அது ஒன்றுதான். அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்பது முதல் காட்சியிலேயே நமக்குத் தெரிய வேண்டும். அவனுக்கு மட்டும் தெரியக் கூடாது.

படி 4: சேதியைச் சிக்க வையுங்கள்

நேரம் எடுத்துச் செதுக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு உதாரணம். அவன் தன் மனதைக் கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டான். அவள் பதிலைப் பாட்டாகத் தர நினைக்கிறாள். பொள்ளாச்சி ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியலோடு அறுபது நிமிடக் கேசட் ஒன்றைப் பதியக் கொடுக்கிறாள். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஐந்து நிமிடப் பாட்டு என்றால் பக்கத்துக்கு ஆறு, இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டுதான் அடங்கும். அவள் பதிமூன்று எழுதியிருக்கிறாள். பதிமூன்றாவதுதான் பதில். "இல்லை என்று சொல்வேனா" என்று தொடங்கும் ஒரு கற்பனைப் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். டேப்பின் கடைசியில் கொஞ்சம் மிச்சம் இருக்கவே, கடைக்காரர் அதையும் ஓடவிடுகிறார்.

அவன் வீட்டில் கேட்கிறான். "இல்லை." டக்கென்று டேப் நின்றுவிடுகிறது.

இனி அவனைக் கடைக்குப் போக விடாதீர்கள். மறுநாள் கேரளத்தில் பந்த், பஸ் இல்லை. அப்புறம் ஓணம் லீவு, பத்து நாள் கல்லூரியே மூடிக் கிடக்கும். அந்தப் பக்கம் அவள், தன் பதில் பாட்டைக் கேட்ட பிறகும் இவன் வாய் திறக்கவில்லையே என்று பொருமிக்கொண்டிருக்கிறாள். எஸ்டிடி பூத்திலிருந்து அவன் போன் பண்ணினால் எடுப்பது அவள் அப்பா. இரண்டு காட்சிக்கு இதுவே தாங்கும்.

படி 5: பேச்சு

வசனத்தில் பொள்ளாச்சி மண்ணின் 'ங்க' இருக்கட்டும்.

"ஏனுங்கண்ணா, கடைசிப் பாட்டு முழுசா ஏறலையே?"

"அறுபதுக்கு அவ்வளவுதான் தம்பி கொள்ளும். பாக்கி வேணும்னா தொண்ணூறு வாங்கிட்டு வா."

கண்டக்டரிடம் மட்டும் மலையாளம் வரட்டும். கன்செஷன் டிக்கெட் பிள்ளைகளை ஏற்ற அவர் முகம் சுளிப்பதற்குத் தனி வசனமே வேண்டாம்.

படி 6: முடிச்சை அவிழ்ப்பது

பட்டியல் சீட்டுகளைக் கடைக்காரர் கம்பியில் குத்தி வைத்திருப்பார். அதில் அவள் கையெழுத்தில் பதிமூன்றாவது வரி முழுதாக இருக்கிறது. அவன் அதைப் படிக்கும்போது அவளே கடைக்குள் நுழைகிறாள், கையில் தொண்ணூறு நிமிடக் கேசட்டோடு.

முதல் வரைவு முடிந்ததும் ஒவ்வொரு காட்சியிலும் ஒரு செல்போனைக் கொடுத்துப் பாருங்கள். சிக்கல் அப்படியே நின்றால் அது 1995-ன் காட்சி இல்லை. அதை எடுத்துவிட்டு வேறு எழுதுங்கள்.