ஏற்காடு ஏறும் முன் பிரேக்கைப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு சேலம் வந்து இறங்கியதும் சித்தப்பா வீட்டு ஷெட்டில் நிற்கும் கார் நம் கைக்கு வந்துவிடும். "எடுத்துட்டுப் போப்பா, சும்மாதானே நிக்குது" என்பார். சும்மா நின்றதுதான் பிரச்சினையே. மாதக்கணக்கில் ஓடாத காரில் டிஸ்க்கில், அதாவது பேட் கவ்விப் பிடித்து நிறுத்தும் சக்கரத்து இரும்புத் தட்டில், துரு ஏறியிருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டபடி விட்டிருந்தால் பின்சக்கர பிரேக்கின் ஷூ, அது உரசி நிறுத்தும் டிரம்மோடு ஒட்டியிருக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும்.

துருவும் ஒட்டலும் வண்டியை எடுத்ததுமே தெரிந்துவிடும். ஈரம் தெரியாது. சேலம் ஐந்து ரோட்டு நெரிசலில் ஊர்ந்து போகும்போது எல்லா பிரேக்கும் நல்ல பிரேக்தான். ஆனால் சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரில். அந்த உயரத்தை 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக் சூடாகிக்கொண்டே வரும். டாட் 3 என்பது பிரேக் ஆயிலின் ஒரு தரம்; புது டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்த ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி. நீங்கள் மிதிப்பதெல்லாம் அந்த ஆவியை அமுக்கத்தான் போகும், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. அதனால் இரண்டு வருடமாக ஆயில் மாற்றவில்லை என்றால், அல்லது எப்போது மாற்றினார்கள் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை என்றால், யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

வாசலிலேயே ஒரு சோதனை செய்யலாம். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், கெட்டியாகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்று கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரிலோ அதன் குழாயிலோ கோளாறு. அப்படியே ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல உள்ளே போனால் எங்கோ கசிகிறது, அல்லது பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. அந்த வண்டியை ரோட்டில் இறக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

பட்டறையில் "பிரேக் சரியில்ல" என்று மட்டும் சொன்னால் ஆயில் ஊற்றி அனுப்பிவிடக்கூடும். ஆயில் தானாகக் குறையாது. பேட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் கசிவு இருக்கும். ஊற்றி நிரப்பினால் அந்த அடையாளமும் மறைந்துவிடும். அறிகுறியாகச் சொல்லுங்கள்: "அண்ணா, பெடல் பஞ்சு மாதிரி போகுது", "பிரேக் அடிச்சா இடது பக்கம் இழுக்குது", "இரும்பு உரசுற சத்தம் வருது". பஞ்சு போலிருந்தால் பெரும்பாலும் ஆயில் குழாயில் காற்று ஏறியிருக்கும். இரும்புச் சத்தம் என்றால் பேட் முடிந்து டிஸ்க்கையே தின்கிறது.

நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கார்கள் பலவற்றில் பின்னால் டிரம்தான். அதைத் திறக்காமலேயே "பின்னாடி நல்லாயிருக்கு" என்று சொல்வது எளிது. திறந்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து ஈரமாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பேடின் தடிமன் தேய்ந்து 3 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான், இரண்டு பக்கமும் சேர்த்து. கழற்றிய பழைய பேடைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் தப்பில்லை, நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். கடைசியில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள்.

இதையெல்லாம் சேலத்திலேயே முடித்துவிடுங்கள், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் நாட்களில் பட்டறையும் ஸ்பேர் கடையும் மூடியிருக்கும். லீவு நாட்களைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது இரண்டாவது கியர். வெளிநாட்டில் ஆட்டோமேட்டிக்கே ஓட்டிப் பழகியவர்கள் லீவரை 'டி'யிலேயே விட்டுவிடுகிறார்கள். குறைந்த கியரான 'எல்'லுக்கோ மேனுவலுக்கோ மாற்றுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டும் மாமாக்களின் யோசனை வேண்டாம். எஞ்சினையும் அணைத்துவிட்டால் பூஸ்டரின் உதவியும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இன்னொரு பாதையான குப்பனூர் வழியாக இறங்கினாலும் இதே கதைதான், அதுவும் மலைப் பாதை.

ஏற்காட்டில் இருக்கும்போது சந்தேகம் வந்தால் மெதுவாக இறங்கிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். காரை அங்கேயே நிறுத்திவிட்டு குடும்பத்தோடு பஸ்ஸில் சேலம் இறங்குங்கள். மெக்கானிக்கை மேலே அனுப்பலாம், இல்லையென்றால் இன்சூரன்ஸில் வண்டி தூக்கும் வசதி இருக்கிறதா என்று சித்தப்பாவிடம் கேளுங்கள்.